அயர்லாந்து ஊர்ல நிக்கற பழைய கோர்ட்டோட வரலாறை இங்கிருந்தே தேடி எடுக்கறது எப்படி

நம்ம கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கத்துல இருந்து அயர்லாந்துக்குப் படிக்கப் போற பசங்க இப்ப நெறைய ஆயிட்டாங்க, டப்ளின் மட்டும் இல்லீங்க, கார்லோ, டண்டாக், ட்ரலீ மாதிரி சின்ன ஊருக்கெல்லாம் போறாங்க. போயி எறங்கின கொஞ்ச நாள்லயே வீட்டு வாட்ஸாப் குரூப்ல ஒரு போட்டோ வந்துரும், ஊர் நடுவுல வரிசையா பெரிய பெரிய தூணு, அதுக்கு மேல முக்கோணமா ஒரு முகப்பு, முன்னால அகலமா கல்படி. கோயிலா, பேங்க்கான்னு வீட்ல பெரியவங்க கேப்பாங்க. அது கோர்ட்டுங்க. எல்லாரும் ஒரு ஹார்ட் போட்டுட்டு நகந்துருவாங்க, எனக்கு மட்டும் மனசு கேக்காது, ஏன்னா அந்த ஒரு கட்டடத்துக்குள்ள ஏதென்ஸ் இருக்குது, வரி கட்டின குடியானவன் இருக்கறான், ரஷ்யா சண்டை இருக்குது, ட்ரலீ கோர்ட்டு வாசல்ல நம்ம 1857 சிப்பாய்க் கெளர்ச்சி கூட இருக்குது. அதை எப்படி ஒண்ணொண்ணா தேடி எடுக்கறதுன்னு எனக்குத் தெரிஞ்ச முறைய எழுதறேன். உதாரணத்துக்கு கார்லோ ஊர் கோர்ட்டை எடுத்துக்கறேன், கடைசில இதே முறைய தாராபுரம், பவானி, கோபி கோர்ட்டுக்கு எப்படிப் போடறதுன்னும் சொல்றேன்.

மொதல்ல புத்தகத்தைத் தொடாதீங்க, கூகுளையும் தொடாதீங்க. கண்ணுக்குத் தெரியறதை எழுதுங்க. அங்க நம்ம ஆள் ஒருத்தர் இருந்தா போன்ல கூப்பிட்டு கட்டடத்துக்கு முன்னால நிக்கச் சொல்லுங்க. எங்க அக்கா பொண்ணு கார்லோல படிக்குது, அதைக் கூப்பிட்டு "அம்மிணி, மொகப்புல தூணு எத்தனைன்னு எண்ணிச் சொல்லு"ன்னேன். "எட்டுங் மாமா"ன்னுச்சு. தூணு தலையில என்ன வேலைப்பாடு இருக்குதுன்னு கேட்டேன். "ரெண்டு பக்கமும் சுருண்டு நிக்குதுங் மாமா, ஆட்டுக்கடா கொம்பாட்ட"ன்னுச்சு. அவ்வளவுதான், பாதி வேலை முடிஞ்சுது. அந்தச் சுருள் இருந்தா அது அயோனிக். தலையில வேலைப்பாடே இல்லாம வெறும் தட்டையா கல்லு உக்காந்திருந்தா டோரிக், இலை இலையா விரிஞ்சிருந்தா கொரிந்தியன். கிரேக்கக் கட்டடக்கலைல இந்த மூணு வகைதான் முக்கியம், பதினெட்டாம் நூற்றாண்டு கடைசியிலயும் பத்தொம்பதாம் நூற்றாண்டு ஆரம்பத்துலயும் ஐரோப்பா முழுக்க இதை மறுபடி எடுத்துக் கட்டினாங்க, அதைத்தான் நியோகிளாசிக்கல்ங்கறாங்க. அப்புறம் கல்லைக் கிட்டப் போய்த் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. சின்னச் சின்னதா மினுங்கற பொடி தெரிஞ்சா கிரானைட், கார்லோ சீமையே கிரானைட்டு சீமைதான். நம்ம பக்கத்துக்காரங்களுக்கு கல்லைப் பத்தி யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, உளி போன தடமா மெஷின் அறுத்த தடமான்னு பாத்தா தெரிஞ்சுரும், அதையும் கேட்டு எழுதி வெச்சுக்குங்க. படிக்கட்டு நடுவுல தேஞ்சிருக்குதா, வேலி இரும்பா கல்லா, வாசல்ல என்ன நிக்குது, இதெல்லாம் பின்னால ஒவ்வொண்ணும் ஒரு கேள்வியா மாறும்.

அடுத்தது, இந்த உருவம் எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்கணும். கார்லோ கோர்ட்டுக்கு மாதிரின்னு சொல்லப்படறது ஏதென்ஸ்ல இலிஸ்ஸஸ் ஆத்தங்கரையில நின்ன ஒரு சின்ன அயோனிக் கோயில். அந்தக் கோயிலு இன்னிக்கு இல்லீங்க. 1778ல ஊர் மதில் கட்டறதுக்கு கல்லு வேணும்னு ஒட்டோமான் (துருக்கி) ஆளுநர் காலத்துல இடிச்சுட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாலயே ஸ்டூவர்ட், ரெவெட்னு ரெண்டு இங்கிலாந்துக்காரங்க ஏதென்ஸ்ல போய் உக்காந்து ஒவ்வொரு கட்டடத்தையும் அங்குலம் அங்குலமா அளந்து வரஞ்சு, முதல் தொகுதிய 1762ல புத்தகமா போட்டுட்டாங்க. கல்லு போயிருச்சு, காயிதத்துல அளவு நின்னுருச்சு, அந்த அளவை வெச்சு அரை நூற்றாண்டு கழிச்சு அயர்லாந்துல ஒரு ஊர்ல கோர்ட்டு எழும்புது. இதை நெனைக்கும்போதெல்லாம் எனக்கு சிலிர்க்கும். மூலக் கோயில்ல முகப்புக்கு நாலு தூணுதான், கார்லோல அதை எட்டாக்கி, ஒசரமான மேடையில ஏத்தி, ஊருக்குள்ள வர்றவன் அண்ணாந்து பாக்கற மாதிரி வெச்சிருக்காங்க. இந்த மாதிரி மாத்தினது எங்கன்னு குறிச்சு வெச்சுக்குங்க, கட்டினவங்க மனசு காப்பி அடிச்ச எடத்துல தெரியாது, மாத்தின எடத்துலதான் தெரியும்.

ஒப்பிட்டுப் பாக்க டண்டாக் கோர்ட்டை வெச்சுக்கலாம். அது டோரிக், ஏதென்ஸ்ல இன்னிக்கும் நிக்கற ஹெபஸ்டஸ் கோயிலை வெச்சு எட்வர்ட் பார்க், ஜான் பவ்டன்ங்கற ரெண்டு பேரும் பண்ணினது, 1819ல முடிஞ்சது. ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, டண்டாக் முறைச்சுப் பாக்கும், கார்லோ கொஞ்சம் சிரிச்ச மொகம்.

சரி, கட்டினது யாரு? இதுக்கு அயர்லாந்துக்காரங்க அருமையா ரெண்டு வசதி பண்ணி வெச்சிருக்காங்க, ரெண்டும் ஓசி, ரெண்டும் நெட்லயே இருக்குது. ஒண்ணு டிக்ஷனரி ஆஃப் ஐரிஷ் ஆர்க்கிடெக்ட்ஸ், 1720ல இருந்து 1940 வரைக்கும் அங்க வேலை பாத்த கட்டடக்கலைஞர்களோட பட்டியல், ஒவ்வொருத்தர் பேருக்குக் கீழயும் அவங்க பண்ணின கட்டடம் வருசத்தோட இருக்கும். இன்னொண்ணு நேஷனல் இன்வென்டரி ஆஃப் ஆர்க்கிடெக்சரல் ஹெரிடேஜ், இது அரசாங்கமே ஊர் ஊராப் போய் கட்டடத்தைப் பாத்து எழுதினது, போட்டோ இருக்கும், கல்லு என்ன கூரை என்னன்னு விவரம் இருக்கும். கார்லோன்னு போட்டா வில்லியம் விட்ருவியஸ் மாரிசன்னு வரும். 1794ல பொறந்து 1838ல போய்ச் சேந்துட்டார், நாப்பத்து நாலு வயசுதான். அவங்க அப்பா ரிச்சர்ட் மாரிசனும் பெரிய கட்டடக்கலைஞர்தான், பையனுக்கு ரோமாபுரியில கட்டடக்கலை நூல் எழுதின விட்ருவியஸ் பேரையே வெச்சிருக்கார்னா அந்த வீட்ல என்ன பேசிட்டு இருந்திருப்பாங்கன்னு யோசிச்சுக்குங்க. அதே டிக்ஷனரில ஹென்றி இர்வின்னும் தேடிப் பாருங்க, நம்ம சென்னை ஹைகோர்ட்டு 1892ல தொறந்தாங்கல்ல, பிராசிங்டன் போட்ட பிளானை எடுத்து அதைக் கட்டி முடிச்சவர், அவரும் அயர்லாந்துக்காரர்தான். ஆக கோர்ட்டு கட்டற விசயத்துல அந்த நாட்டுக்கும் நமக்கும் ஏற்கெனவே ஒரு தொடுப்பு இருக்குதுங்க.

வருசம் எழுதும்போது மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. கார்லோ கோர்ட்டுக்கு ஒரு எடத்துல 1830ன்னு இருக்கும், இன்னொரு எடத்துல 1834ன்னு இருக்கும். எது தப்புன்னு சண்டை போட வேண்டாம். பிளான் போட்ட வருசம் ஒண்ணு, வேலை முடிஞ்ச வருசம் ஒண்ணு. நம்ம ஊர்ல வீடு கட்டினாலே வாஸ்து போட்ட தேதி வேற, வாசல் நிலை வெச்ச தேதி வேற, குடி போன தேதி வேறதான. நோட்டுல தனித்தனியா கோடு போட்டு எழுதுங்க, எந்தத் தேதிக்கு எது ஆதாரம்னு பக்கத்துலயே எழுதுங்க. இதைச் செய்யாம விட்டுத்தான் பாதிப்பேர் எழுதின வரலாறு ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டு நிக்குது.

இப்ப முக்கியமான எடத்துக்கு வந்துட்டோம், இதைத்தான் நெறையப் பேர் தாண்டிப் போயிடறாங்க: காசு யாரோடது? என்னைக் கேட்டா கட்டடத்தோட வரலாறுங்கறது கலைஞன் பேரை விட காசு வந்த வழியிலதான் இருக்குது. அந்தக் காலத்துல அயர்லாந்துல ஒவ்வொரு கவுன்ட்டிக்கும், அதாவது நம்ம ஜில்லா கணக்குக்கு, கிராண்ட் ஜூரின்னு ஒண்ணு இருந்துச்சு. ஷெரீப்ங்கற கவுன்ட்டி அதிகாரி பொறுக்கி எடுக்கற 23 பேர், எல்லாம் பெரிய பெரிய நிலக்கிழார். குற்றக் கேஸு விசாரணைக்குப் போகலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதும் இவங்கதான், ரோடு, பாலம், ஜெயிலு, கோர்ட்டு கட்டறதுக்கு பணம் ஒதுக்கறதும் இவங்கதான். அந்தப் பணம் இவங்க பையில இருந்து போகலீங்க, கவுன்ட்டி செஸ்னு ஒரு வரி, அதை நிலத்துல பாடுபடற குத்தகைக்காரன் கட்டணும். கட்டறவனுக்கு அந்த ரூம்ல உக்காரவும் எடமில்ல, அங்க உக்காரறவனை தேர்ந்தெடுக்க ஓட்டும் இல்ல. அந்த எட்டுத் தூணையும் படிக்கட்டையும் பாக்கும்போது இந்தக் கணக்கும் சேத்தித்தான் மனசுல ஓடணும். கிராண்ட் ஜூரி என்ன வேலைக்கு எவ்வளவு ஒதுக்குச்சுன்னு அச்சடிச்ச பதிவு உண்டு, பிரசென்ட்மென்ட்னு சொல்லுவாங்க, எந்தக் கவுன்ட்டிக்கு எந்த வருசம் மிஞ்சியிருக்குதோ அது அங்கத்த கவுன்ட்டி ஆர்க்கைவ்ஸ்ல, லைப்ரரில கெடைக்கும். அதைக் கேக்காம கோர்ட்டு வரலாறு எழுதாதீங்க.

காசு மாதிரியே பயத்தையும் பாக்கணும். 1798 மே மாசம் பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்த கெளர்ச்சிக்காரங்க கார்லோ ஊருக்குள்ள நொழஞ்சு, ஒரே ராத்திரியில நூத்துக்கணக்குல செத்துப் போனாங்க, அவங்களைப் புதைச்ச எடம் ஆத்துக்கு அந்தப் பக்கம் கிரேக்கல்லன்ல இன்னிக்கும் இருக்குது. 1831ல கோர்ட்டு வேலை நடந்துட்டு இருக்கும்போதே, அதே பாரோ ஆத்தங்கரையில கொஞ்சம் தெக்க கிரேக்னமனான்னு ஒரு ஊர்ல கத்தோலிக்கக் குடியானவங்க, எங்களோடதே இல்லாத புராட்டஸ்டண்ட் சர்ச்சுக்கு நாங்க எதுக்கு தசமபாகம், அதாவது பத்துல ஒரு பங்கு வரி, கட்டணும்னு மறுத்து நின்னாங்க, அது பல வருசம் இழுத்துட்டுப் போன போராட்டமாச்சு. இந்த மாதிரி பயத்துக்கு நடுவுல எழும்பின கட்டடம் வெறும் அழகுக்காக அவ்வளவு ஒசரமா நிக்கலைன்னுதான் நான் நெனைக்கறேன். நம்ம பக்கத்துலயும் அதே காலந்தாங்க. 1800 ஜூன்ல பாளையக்காரங்க பக்கத்து ஆளுக கோயமுத்தூர் கோட்டைய மடக்கப் பாத்தாங்க, 1805ல சங்ககிரியில தீரன் சின்னமலையத் தூக்குல போட்டாங்க, அதை ஒட்டித்தான் கும்பினிக்காரன் ஜில்லாவை ஒண்ணாக்கி, கலெக்டர், கோர்ட்டுன்னு வரிசையா கொண்டு வந்து வெக்கறான். ரெண்டு சீமைக்கும் நேர்த் தொடர்பு இருக்குதுன்னு சொல்லலை, ஆனா ஒரு கோர்ட்டு எந்த வருசம் வந்துச்சுன்னு பாக்கும்போது அதுக்கு முந்தின முப்பது வருசம் அந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு கண்டிப்பா பாத்துருங்க.

அப்புறம் ஊர்க்கதை. கார்லோல யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்லுவாங்க: இந்தப் பிளான் கார்க்குங்கற பெரிய ஊருக்குப் போட்டது, ஆபீஸ்ல மாறிப் போயி இங்க வந்துருச்சு, அதனாலதான் இந்தச் சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கோர்ட்டுன்னு. ரொம்ப ருசியான கதை. இதை எப்படி சோதிக்கறது? கார்க் கோர்ட்டை யாரு கட்டினாங்கன்னு பாருங்க. ஜேம்ஸ் பெய்ன், ஜார்ஜ் ரிச்சர்ட் பெய்ன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர், வேலை நடந்தது 1830ல இருந்து 1835 வரைக்கும். அது கொரிந்தியன், இலை வெச்ச தூணு. 1891ல தீப்பிடிச்சு உள்ள எல்லாம் வெந்து போச்சு, முன்னால தூண் வரிசை மட்டும் தப்பிச்சு நின்னுச்சு, அதை வெச்சுக்கிட்டு பின்னால புதுசாக் கட்டினாங்க. ஆக ரெண்டு ஊருக்கும் வேற வேற கலைஞர், வேற வேற பாணி. இன்னொரு சாட்சியும் இருக்குது: இதே மாரிசன் ட்ரலீ ஊருக்கும் ஒரு அயோனிக் கோர்ட்டு போட்டிருக்கார், கார்லோவும் அதுவும் கூடப் பொறந்ததுக மாதிரி இருக்கும். அப்ப இது அவரோட சொந்தக் கை, எங்கயோ போக வேண்டியது தவறி வந்ததில்ல. என்னோட முடிவு, பிளான் மாறலை. ஆனா கதையத் தூக்கிப் போட்டுறாதீங்க. ஏன் அப்படி ஒரு கதை வந்துச்சுன்னு கேளுங்க. ரெண்டு ஊர்லயும் முகப்புக்கு எட்டுத் தூணு, ரெண்டும் ஒரே காலத்துல ஆரம்பிச்சது, அது ஒரு காரணமா இருக்கலாம். சின்ன ஊருக்கு இது எச்சுன்னு ஊர்க்காரங்களுக்கே தோணியிருக்குது, அதைத்தான் கதையாச் சொல்லிட்டு வந்திருக்காங்க, அதுவும் வரலாறுதான். எழுதும்போது "இப்படி ஒரு பேச்சு உண்டு, பதிவுல இருக்கறது இது"ன்னு ரெண்டையும் அடுத்தடுத்து வெச்சுருங்க. நம்ம கோட்டைக்கெல்லாம் சுரங்கப்பாதை கதை சொல்றாங்கல்ல, அதுக்கும் இதே வைத்தியந்தான்.

வாசல்ல நிக்கற பொருளுக்கு தனியா ஒரு தேடல் போடணும். கார்லோ படிக்கட்டுல ஒரு பீரங்கி இருக்குது, கிரிமியா சண்டையில, அதாவது 1853ல இருந்து 1856 வரைக்கும் நடந்ததுல, ரஷ்யாக்காரங்ககிட்ட புடிச்சது. அந்தச் சண்டை முடிஞ்சதும் புடிச்ச பீரங்கிய பிரிட்டிஷ் அரசாங்கம் ஊர் ஊருக்குப் பிரிச்சுக் குடுத்துச்சு. ட்ரலீ கோர்ட்டு வாசல்லயும் பீரங்கி இருக்குது, அங்க கிரிமியாவுல செத்த கெர்ரி கவுன்ட்டி ஆளுகளோட சேத்து 1857ல இந்தியாவுல செத்தவங்களுக்கும் நினைவுன்னு வெச்சிருக்காங்க. நம்ம பிள்ளைக காலேஜுக்குப் போற வழியில அதைத் தாண்டித்தான் போகுதுக. நின்னு படிக்கச் சொல்லுங்க. நம்மளை அடக்க வந்த வெள்ளைக்காரப் பட்டாளத்துல நெறையப் பேர் ஏழை ஐரிஷ் பையனுக, அவன் ஊர்லயும் அதே ராஜ்யம், இது தெரிஞ்சுட்டு அந்த வாசல்ல நிக்கறது வேற மாதிரி இருக்கும்.

ஆவணம் தேடறப்ப ஒரு பெரிய சோகத்தைத் தெரிஞ்சுக்கணும். டப்ளின்ல ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்துல பப்ளிக் ரெக்கார்ட் ஆபீஸ்னு இருந்துச்சு, நாட்டோட பல நூற்றாண்டுப் பதிவெல்லாம் அங்கதான். உள்நாட்டுச் சண்டை ஆரம்பத்துல, 1922 ஜூன் 30ம் தேதி, அது வெடிச்சு எரிஞ்சு போச்சு. உயில், ஜனத்தொகைக் கணக்கு, கோர்ட்டுப் பதிவு எல்லாம் சாம்பலாகி ஊர் மேல பறந்துச்சு. அதனால நேரா மூலப் பத்திரம் கெடைக்கும்னு எதிர்பாக்காதீங்க, சுத்தி வளைச்சுத்தான் போகணும். மொதல்ல மேப். ஆர்ட்னன்ஸ் சர்வேன்னு அரசாங்க நில அளவைத் துறை, அதுல மைலுக்கு 6 அங்குலம் கணக்குல நாடு முழுக்க வரஞ்சு 1840கள்ல முடிச்ச முதல் பதிப்பு இருக்குது, அப்புறம் மைலுக்கு 25 அங்குலம்னு அந்த நூற்றாண்டுக் கடைசில ஒண்ணு. ரெண்டும் நெட்ல ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பாக்கலாம். கோர்ட்டோட சுவர் முதல் மேப்புல எப்படி, அடுத்த மேப்புல பின்னால எது சேந்துச்சு, பக்கத்துல ஜெயில் எங்க இருந்துச்சுன்னு பளிச்சுன்னு தெரியும். அப்புறம் 1837ல சாமுவேல் லூயிஸ் போட்ட ஊர் விவரப் புத்தகம், கோர்ட்டு புதுசா இருக்கறப்பவே வந்தது. 1847ல இருந்து 1864 வரைக்கும் எடுத்த கிரிஃபித்ஸ் வேல்யுவேஷன், இது நம்ம அ-பதிவேடு மாதிரி, எந்த எடம் யார் கையில, மதிப்பு என்னன்னு இருக்கும், பேரைப் போட்டே தேடலாம். போட்டோவுக்கு நேஷனல் லைப்ரரியில லாரன்ஸ் கலெக்ஷன், கண்ணாடித் தகட்டுல எடுத்தது நாப்பதாயிரம் கிட்ட இருக்குது, 1870ல இருந்து 1914க்குள்ள, ஓசியாவே பாக்கலாம். எரிஞ்சு போனதுக்கு நகல் உலகத்துல வேற எங்கெங்க இருக்குதுன்னு தேடிப் பொறுக்கி, 2022ல, நூறு வருசம் ஆனப்ப, விர்ச்சுவல் ரெக்கார்ட் ட்ரெஷரின்னு ஒண்ணு தொறந்தாங்க, அதுலயும் ஊர் பேரைப் போட்டுப் பாருங்க. பழைய நியூஸ்பேப்பருக்கு மட்டும் சந்தா கட்டணும், ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டி, தேட வேண்டியதையெல்லாம் முன்னாலயே எழுதி வெச்சுட்டு ஒரே மூச்சுல தேடி முடிச்சுக்கறது நல்லது.

உள்ள என்ன நடந்துச்சுன்னும் நாலு வரி எழுதணும். அப்பெல்லாம் ஜட்ஜு அந்த ஊர்லயே இருக்கறதில்ல, வருசத்துக்கு ரெண்டு தடவ, வசந்தத்துல ஒண்ணு கோடையில ஒண்ணு, சர்க்யூட்ல வருவாங்க, அதுக்கு அசைசஸ்னு பேரு. அதனாலதான் இந்த மாதிரி கட்டடத்துல ரெண்டு கோர்ட்டு ஹால் இருக்கும், ஒண்ணு குற்றத்துக்கு, ஒண்ணு சிவிலுக்கு, கிராண்ட் ஜூரிக்கு தனி ரூமு. கார்லோல கீழ்த்தளத்துல கைதிக வெக்கற அறைகளும் இருக்குது. 1898ல வந்த சட்டம் கிராண்ட் ஜூரிகிட்ட இருந்து செலவு அதிகாரத்தைப் புடுங்கி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கற கவுன்ட்டி கவுன்சிலுக்குக் குடுத்துச்சு, கார்லோ கவுன்சில் கூடினதே இந்தக் கோர்ட்டுக்குள்ளதான். வரி கட்டினவன் வீட்டு ஆளு அந்தக் கதவு வழியா உள்ள போய் உக்காந்தான் பாருங்க, எனக்கு இந்தக் கட்டடத்தோட வரலாறுலயே ரொம்பப் புடிச்ச எடம் அதுதான். நாடு விடுதலையானப்புறம் 1924ல கோர்ட்டு முறையே மாறி சர்க்யூட் கோர்ட்டு, டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுன்னு வந்துச்சு.

இனி நம்ம ஊருக்கு. இதே கேள்விகதான், ஆனா பதிவு இருக்கற எடம் வேற. மொதல்ல உங்க ஊர் அந்த வருசத்துல எந்த ஜில்லால இருந்துச்சுன்னு உறுதி பண்ணிக்குங்க, ஏன்னா பழைய காயிதமெல்லாம் அன்னிக்கு இருந்த ஜில்லா பேர்லதான் அடுக்கியிருக்கும். ஆரம்பத்துல வடக்குக் கோட்டத்துக்கு பவானி, தெக்குக் கோட்டத்துக்கு தாராபுரம்னு தலைமை எடம் இருந்து, 1804 வாக்குல ஒண்ணாகி கோயமுத்தூர் ஜில்லாவாச்சு. 1868ல நீலகிரி தனியாப் போச்சு, 1910ல கரூர் திருச்சிக்குப் போச்சு, 1956ல கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போச்சு, ஈரோடு பிரிஞ்சது 1979ல, திருப்பூர் 2009ல. ஈரோடு ஜில்லான்னு போட்டு 1880ம் வருசத்துக் காயிதத்தைத் தேடினா ஒண்ணும் கெடைக்காது. பெருந்துறை, கோபி, சத்தி, எல்லாத்துக்கும் கோயமுத்தூர்னுதான் கேக்கணும்.

புத்தகத்துல ஆரம்பிக்கறவங்க 1887ல நிக்கல்சன் எழுதின கோயமுத்தூர் ஜில்லா மேனுவலை எடுங்க, கூட்டுறவுச் சங்கத்துக்கு அறிக்கை எழுதினாரே அதே நிக்கல்சன்தான். சேலம் பக்கத்துக்காரங்களுக்கு 1883ல லெ ஃபானு போட்ட மேனுவல், 1918ல ரிச்சர்ட்ஸ் போட்ட கெஜட்டியர். கோர்ட்டு வர்றதுக்கு முன்னால ஊர் எப்படி இருந்துச்சுன்னு பாக்க, 1800ல இந்தப் பக்கம் நடந்து போன புக்கானன் எழுதினது, 1807ல அச்சாச்சு. பாதிக்கு மேல ஸ்கேன் பண்ணி நெட்லயே கெடக்குது. முன்சீப் கோர்ட்டு எல்லை எதுவரைக்கும்னு புரிஞ்சுக்க 1873ம் வருசத்து மெட்ராஸ் சிவில் கோர்ட்ஸ் ஆக்டைப் பாக்கணும். கட்டட எஸ்டிமேட்டு, உத்தரவு எல்லாத்துக்கும் எக்மோர்ல இருக்கற தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அங்க போறதுக்கு முன்னால எந்த வருசம், எந்தத் துறை, எந்த ஊருன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க, பொதுவா "கோர்ட்டு பத்திப் பாக்கணும்"னா அவங்களுக்கும் எடுத்துக் குடுக்க முடியாது. நம்ம பக்கம் காசு வந்தது கிராண்ட் ஜூரிகிட்ட இருந்தில்ல, மெட்ராஸ் சர்க்கார் பணம், கட்டினது பொதுப்பணித் துறை, அதனால பி.டபிள்யூ.டி. நடவடிக்கைக் குறிப்புலதான் கலைஞர் பேரு, கான்ட்ராக்டு விவரம் மாட்டும், மாட்டாமயும் போகும்.

காயிதத்துல கெடைக்காததுக்கு ஆளுக இருக்காங்க. வயசான வக்கீல் குமாஸ்தா, ரிட்டயர்டு அமீனா, டவாலி போட்டு நின்னவங்க, கோர்ட்டு வேப்பமரத்தடியில ஸ்டாம்ப் வித்தவங்க, இவங்ககிட்ட உக்காந்து கேளுங்க. "இந்தக் கோர்ட்டு எப்பக் கட்டினதுங்க"ன்னு கேக்காதீங்க, அது அவங்களுக்கும் தெரியாது. "நீங்க வேலைக்குச் சேந்தப்ப கூரை ஓடா, மெத்தையா? ரெக்கார்டு ரூமு எந்தப் பக்கம் இருந்துச்சு? கூண்டு எங்க நின்னுச்சு?"ன்னு கேளுங்க, மடமடன்னு வரும். தாராபுரத்துல ஒரு பெரியவர் இப்படிக் கேட்டதும் குச்சிய எடுத்து மண்ணுலயே பிளான் போட்டுக் காட்டினார், ஜட்ஜு சேம்பர் கதவு எந்தப் பக்கம் தொறக்கும்ங்கறது வரைக்கும். உடனே போட்டோ எடுத்துக்குங்க, அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே, அன்னிக்குத் தேதி போட்டு எழுதிக்குங்க.

அயர்லாந்துப் பக்கம் மிச்சம் இருக்கற சந்தேகத்துக்கு அந்தக் கவுன்ட்டி லைப்ரரியோட லோக்கல் ஸ்டடீஸ் பிரிவுக்கு ஒரு மெயில் போடுங்க. மெயிலு சின்னதா இருக்கட்டும், நீங்க எதையெல்லாம் ஏற்கெனவே பாத்துட்டீங்கன்னு ரெண்டு வரி, அப்புறம் ஒரே ஒரு கேள்வி: கோர்ட்டு கட்டின வருசங்களுக்கு கிராண்ட் ஜூரி பிரசென்ட்மென்ட் உங்ககிட்ட இருக்குதா, இருந்தா எந்த வருசத்துல இருந்து எந்த வருசம் வரைக்கும்? அங்க நம்ம பிள்ளை இருந்தா நேர்லயே போயி, பக்கத்தை போன்ல படம் புடிக்கலாமான்னு கேட்டுட்டு எடுக்கச் சொல்லுங்க. கோர்ட்டு வெளிய இருந்து எவ்வளவு வேணும்னாலும் எடுக்கலாம், உள்ள விசாரணை நடக்கும்போது எடுக்கவே கூடாது. நம்ம ஊர் கோர்ட்டு வளாகத்துல வெளிய நின்னு எடுக்கறதா இருந்தாலும் மொதல்ல ஆபீஸ்ல அனுமதி கேட்டு, எழுத்துல வாங்கிட்டு எடுங்க, சனிக்கிழமை கூட்டம் கம்மியா இருக்கும், காலைல வெயில் ஏறறதுக்கு முன்னால போனீங்கன்னா கல்வெட்டு எழுத்துல நெழல் சாஞ்சு விழும், படிக்க வரும்.